பங்குனியில் ஒருமுறை ஒகேனக்கல் போய் வாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் இப்போது விட்டுவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நழுவுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பழகிய கண் இது.

பெங்களூரில் மூன்றாம் வகுப்பு முடித்த பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே பையைக் கொட்டி, பள்ளிக்கூடத்தில் வண்ணம் தீட்டிய தாள்களையெல்லாம் எனக்குக் காட்டினாள். அதில் ஒன்று பருவங்கள் பற்றியது. நான்கு கட்டம். ஒன்றில் பனி மனிதன். ஒன்றில் செம்மஞ்சள் இலைகள் உதிர்கின்றன. ஒன்றில் கடற்கரை, குடை. நான்காவதில் இளஞ்சிவப்புப் பூ நிறைந்த ஒரு மரம், அதன் கீழே ஒரு முயல். அதுதான் வசந்தமாம். அழகாக வண்ணம் தீட்டி நட்சத்திரமும் வாங்கியிருந்தாள்.

"பாட்டி, நம்ம ஊர்ல ஸ்பிரிங் எப்போ வரும்?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் என் மகன் சொன்னான்: "நமக்கு ஏதுடா ஸ்பிரிங்? வெயில், கடும் வெயில், தாங்க முடியாத வெயில். மூணே சீசன்தான்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு ஆசிரியை புத்தி சும்மா இருக்குமா? அவளை உட்கார வைத்து ஆறு பருவமும் ஒப்பித்தேன். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். உங்களுக்கெல்லாம் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேனே, அதே ராகம்.

குழந்தை முழுவதும் கேட்டுவிட்டு, "சரி பாட்டி, இளவேனில்னா வெளியில என்ன நடக்கும்?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாதப் பெயர் தெரியும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எத்தனை வரி எழுத வேண்டும் என்று தெரியும். வெளியில் என்ன நடக்கும் என்று கேட்டால்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பங்குனி இரண்டாம் வாரம். "வா, ஒகேனக்கல் போகலாம், நேரிலேயே பார்த்துவிடலாம்" என்றேன். நாத்தனார் தடுத்தார். "இப்ப போயி என்ன அண்ணி பார்ப்பீங்க? தண்ணியே இருக்காது. ஆடிக்குப் போங்க." தருமபுரிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் இது. நானும் ஆயுள் முழுக்கச் சொன்ன பேச்சு. ஆடிப்பெருக்கில் தண்ணீர் பார்க்கப் போவோம், ஜனக்கூட்டம் பார்ப்போம், மீன் வறுவல் சாப்பிடுவோம், வீட்டு ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், திரும்பிவிடுவோம். பங்குனியில் அங்கே போன நினைவே எனக்கு இல்லை. எப்படிப் போயிருக்க முடியும்? பங்குனி என்றால் பரீட்சை. நீங்கள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள், நான் மேற்பார்வையில் இருப்பேன் அல்லது விடைத்தாள் கட்டோடு இருப்பேன். அது முடிந்து விடுமுறை விடும்போது கத்திரி வந்துவிடும்.

பென்னாகரம் தாண்டி மலை இறக்கம் தொடங்கியதும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். காடு காய்ந்து கிடந்தது. மரங்களில் இலை இல்லை, தரையெல்லாம் சருகு. மகன் "சொன்னேன்ல?" என்பதுபோல் என்னைப் பார்த்தான். அடுத்த வளைவில் பேத்திதான் முதலில் பார்த்தாள். சரிவில், பாறைகளுக்கு நடுவே, ஓர் இலைகூட இல்லாத மரம். சாம்பல் நிறக் கிளைகள். ஒவ்வொரு கிளை நுனியிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ. வெயிலில் அந்த மஞ்சள் கண்ணைக் கூசியது. ஒன்றைப் பார்த்த பிறகு அடுத்தடுத்துக் கண்ணில் பட ஆரம்பித்தன. எதிர்ச் சரிவில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, தூரத்தில் நாலைந்து.

இன்னும் கொஞ்ச தூரத்தில் புரசு. அதுவும் இலையில்லாமல், நெருப்பு பிடித்ததுபோல் ஆரஞ்சுச் சிவப்பில். கீழே ஆற்றை நெருங்கும்போது புங்க மரங்கள். புதுத் தளிர் பளபளக்க, அடியில் தரையே தெரியாமல் வெளிர் ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ. பொரியை அள்ளி இறைத்த மாதிரி கிடந்தது. பழைய புலவர்கள் புங்கம் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அது கற்பனை நயம் என்றும் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அதில் கற்பனை ஒன்றும் இல்லை, பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "டீச்சர், நல்லா இருக்கீங்களா? என்னை ஞாபகம் இருக்குங்களா?"

இருந்தது. பெயர்கூட உடனே வந்தது. அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், எழுதவில்லை. அவனோடு படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கருத்தில் பெயர் போடாதீர்கள். இப்போது பரிசல் ஓட்டுகிறான். நாற்பது வயது இருக்கும். காது ஓரம் நரைத்திருக்கிறது.

அவன் பரிசலிலேயே ஏறினோம். தண்ணீர் குறைவு என்பதால் ஆறு அமைதியாக இருந்தது. ஒகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை. அருவி விழுந்து தண்ணீர் புகைபோல எழுவதால் வந்த பெயர். அன்றைக்குப் புகை குறைச்சல்தான். ஆனால் அருவிக்குக் கீழே, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்க, நடுவில் காவிரி ஒடுங்கிப் போகிற அந்த இடத்துக்குள் பரிசல் நுழைந்ததும் பேத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். இந்தப் பகுதிப் பாறைகளில் சில சுமார் 240 கோடி ஆண்டு பழையவை என்று நிலவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பாறையின் வெடிப்பில், கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில், அதே மஞ்சள் பூ மரம் நின்றது. முழுப் பூவாக உதிர்ந்து தண்ணீரில் மிதந்து வந்தது. பேத்தி ஒன்றைக் கையில் அள்ளி எடுத்தாள்.

"இது என்ன பூ?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் அவனைப் பார்த்தேன்.

"காட்டுப்பருத்தி பாப்பா. இன்னும் ஒரு மாசத்துல காய் வெடிச்சு பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சுலதான் விதை ஒட்டிக்கிட்டுப் போவும். இப்படிப் போயித்தான் பாறை இடுக்குலயெல்லாம் மொளைக்குது."

இது எனக்குக் கோங்கு. சங்க இலக்கியத்தில் வரும் கோங்கம் இந்த மரம்தான் என்று தாவரவியல் படித்த தமிழறிஞர்கள் சொல்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் கோங்கமும் உண்டு, இலவமும் உண்டு, மருதமும் உண்டு, புரசின் பழைய பெயரான பலாசமும் உண்டு. அந்த 99 பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்த மாணவிக்கு ஒருமுறை இலக்கிய மன்றத்தில் என் கையால் பரிசு கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் அதில் பத்துப் பூவையாவது நேரில் அடையாளம் காட்டத் தெரிந்திருக்குமா என்றால், தெரிந்திருக்காது.

அவன் துடுப்புப் போட்டுக்கொண்டே பேத்திக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். கரையில் வெள்ளைப் பட்டையோடு பிரம்மாண்டமாக நிற்பது நீர்மருது. இன்னும் பூக்கவில்லை, சித்திரை பிறந்தபிறகு கதிர் கதிராகப் பூக்கும், அப்போது தேனீக்கள் சூழும். மேட்டில் நிற்பது வெட்பாலை, அதுவும் சித்திரையில் வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பின்னால் அரப்பு, தலைக்குத் தேய்க்க இலை பறிப்போமே அதுதான். அதன் பூ மாலையில் மணக்கும். நீரோட்டத்துக்கு நடுவே பாறையைப் பிடித்துக்கொண்டு, அலரி மாதிரி நீள இலையோடு வளைந்து கிடந்த ஒரு புதரைக் காட்டினான். "ஆடி வெள்ளம் இது தலைக்கு மேல ஆள் ஒசரத்துக்குப் போவுங்க டீச்சர். தண்ணி வடிஞ்சா அப்படியே எந்திரிச்சு நிக்கும். வேரு விடாது."

"இலை இல்லாதப்போ எதுக்கு அங்கிள் பூக்குது?" என்று பேத்தி கேட்டாள். "இலை இருந்தா பூவை வண்டு எப்படிப் பாக்கும் பாப்பா?" என்றான். அறிவியல் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. வறட்சியில் நீரைச் சேமிக்க மரம் இலையை உதிர்க்கிறது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு பூக்கிறது. மறைக்க இலை இல்லாததால் தூரத்திலிருந்தே வண்டு கண்டுகொள்கிறது. காற்றில் பறக்கிற விதையாக இருந்தால் அதற்கும் தடை இல்லை. மழை தொடங்குமுன் விதை தரையில் விழுந்து காத்திருக்கும். கோங்கம் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருவண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதறி எடுக்கும். பரிசலில் நாங்கள் பேச்சை நிறுத்தியபோது அந்த ரீங்காரம் கேட்டது.

எல்லோரும் "தண்ணியில்லை, போகாதே" என்று சொல்கிற மாதத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. தண்ணீர் இல்லாததால்தான் நடக்கிறது. நமக்கு வசந்தம் இல்லை என்று சொன்னது யார்? நாம் பரீட்சை ஹாலில் இருக்கும்போது அது வந்துவிட்டுப் போய்விடுகிறது.

இனி எழுதப் போவது எனக்குச் சுலபமானது அல்ல.

1997. அவன் ஆறாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வில் ஒரு கேள்வி: இளவேனில் காலத்திற்குரிய மாதங்கள் யாவை? இரண்டு மதிப்பெண். அவன் எழுதிய பதில் இன்றும் எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. காட்டுப்பருத்தி இலை கொட்டிப் பூ வைக்கும்போது தொடங்கும், புங்கம் பூ கொட்டி முடிந்ததும் முடியும் என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு முட்டை போட்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. விடைத்தாள் கொடுக்கும் நாளில் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். "இவனைக் காட்டிலேயே வாத்தியாராப் போடலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அன்று சிரித்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அதற்கு வீட்டுக் கஷ்டம் காரணம், எனக்கும் தெரியும். ஒரு முட்டையால் ஒரு பையன் படிப்பை விட்டான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் உனக்கான இடம் இல்லை என்று அவனுக்குச் சொன்னவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லாமல் இருக்காது.

பரிசல் மணல்மேட்டில் ஒதுங்கியதும் கேட்டுவிட்டேன். "அந்த இளவேனில் பதில் ஞாபகம் இருக்காப்பா?" என்றேன். அவன் சிரித்தான். "ரெண்டு மார்க்குதானே டீச்சர், விடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கணக்குல அதைவிடக் கம்மி வாங்கினேன்" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துடுப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

பேச்சை மாற்ற, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாளாம், நன்றாகப் படிக்கிறாளாம். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. "இந்த மரம் செடியெல்லாம் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க டீச்சர்? அது பரீட்சையில வராது."

என்னைக் குத்திக் காட்ட அவன் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். ஒரு நல்ல அப்பா தன் மகளின் நேரத்தை வீணாக்க வேண்டாமென்று நினைத்துச் சொன்ன பேச்சு. ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு அது ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அவன் தாத்தா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது, இவனோடு நின்றுவிட்டது. சிவப்பு மை அவ்வளவு தூரம் ஊறும் என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். உங்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள், நிறையப் பேர் பெற்றோர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை கண்ணால் பார்த்து எழுதியதற்கு மதிப்பெண் போடுங்கள். புத்தகத்தில் இருப்பதையும் எழுதட்டும், அதற்கும் போடுங்கள். ஆனால் பார்த்து எழுதியதைத் தப்பு என்று அடிக்கும் முன் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பட்டியலின்படி மாசியும் பங்குனியும் பின்பனி. பனி எங்கே இருக்கிறது? மரம் மாசியிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது. கொன்றையைக் கார்காலப் பூ என்று இலக்கியத்தில் படிக்கிறோம், நம் ஊரில் சித்திரையிலேயே சரம் சரமாகத் தொங்குகிறது. பட்டியல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியலையும் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் பாடம் என்கிறேன். நான் பட்டியலை மட்டும் கொடுத்தேன்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரிப் பூ முழுதாக மலரும் தேதிகள் 1,200 ஆண்டுக்கு முன்பிருந்து கிடைக்கின்றன. அரசவைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் யார் யாரோ எழுதி வைத்தவை. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுப் பூ வந்துவிட்டது, அதுவரையிலான பதிவுகளிலேயே அதுதான் முந்தியது என்று அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பூமி சூடாவதற்கு அதையும் ஒரு சான்றாக உலகம் எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் பார்த்துக் குறித்து அனுப்புகிறார்கள். கேரளப் பள்ளிகள் இதில் நிறையப் பங்கெடுக்கின்றன. அப்படியானால் 1997இல் என் கையில் இருந்தது என்ன? எந்த மரம் பூக்கும்போது தொடங்குகிறது, எந்த மரம் பூவை முடிக்கும்போது முடிகிறது என்று ஒரு பதினொரு வயதுப் பையன் எழுதித் தந்த குறிப்பு. முட்டை போட்டு அனுப்பிவிட்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூட வரைதாளில் பனி மனிதன் இருப்பதில் தப்பில்லை, உலகம் பெரிது, பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். நமக்கு மூன்று வெயில்தான் என்கிற நகைச்சுவையை அவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். பெரியவர்கள் சிரிப்புக்குச் சொல்வதைக் குழந்தைகள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். என் மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவனும் இதைப் படிப்பான்.

"வெயில், பரீட்சை நேரம், காட்டில் யானை, எங்கே டீச்சர் கூட்டிப் போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காட்டுக்குள் போகவே சொல்லவில்லை. போகவும் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக்கரைக் காடுகளை 2014இல் காவிரி வடக்கு என்றும் 2022இல் காவிரி தெற்கு என்றும் வன உயிரினச் சரணாலயங்களாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே அனுமதி இல்லாமல் நுழைவதும் செடி கொடி பறிப்பதும் குற்றம். நாங்கள் பார்த்ததெல்லாம் தார்ச்சாலையிலிருந்தும் பரிசலிலிருந்தும்தான். ஒகேனக்கல் வர முடியாதவர்களுக்கு ஏரிக்கரைப் புங்க மரம் போதும், தெருமுனை வேப்ப மரம் போதும். யுகாதிக்கும் சித்திரை ஒன்றாம் தேதிக்கும் வேப்பம்பூவைத் தேடி அலைகிறோமே, அது அந்தச் சமயத்தில் பூப்பதால்தானே பண்டிகைச் சாப்பாட்டில் சேர்ந்தது? சமையலறையில் நின்று அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது.

இன்னொன்று. பூவைப் பாருங்கள், பறிக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்காகக் கிளையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவன் வருத்தப்பட்டான். ஒடித்த கிளையில் காய் வராது, பஞ்சு பறக்காது, அடுத்த பாறை இடுக்கில் மரம் வராது. அதே ஆட்கள் உண்ணிச்செடிப் பக்கத்தில் நின்று, ரோஜாவும் மஞ்சளும் கலந்த அந்தச் சின்னப் பூவை "காட்டுப் பூ, எவ்வளவு அழகு" என்று படம் எடுக்கிறார்கள். அது நம் காட்டுப் பூவே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, காடெல்லாம் புதராக மூடி நிற்கிறது. மாடு மேயாது, மேய்ந்தால் நோய் வரும். அதன் அடியில் நம் மரத்தின் கன்று எழுந்திருக்காது. பெயர் தெரியாதவனுக்கு இரண்டும் வெறும் பூதான். பெயர் தெரிந்தால்தான் எது போய்க்கொண்டிருக்கிறது, எது வந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். பெயரைக் கற்றுக்கொடுங்கள் என்று நான் மல்லுக்கு நிற்பது அதற்காகத்தான்.

கிளம்பும்போது அவன் காசு வாங்க மறுத்தான். நான் விடவில்லை, கட்டணத்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு என் பையிலிருந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு அவனிடம் நீட்டினேன். "உன் பெண்ணை எழுதச் சொல்லு. நீ சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். எந்த மரம், என்றைக்கு முதல் பூ. எனக்காக. நான் திருத்த மாட்டேன்" என்றேன். வாங்கிக்கொண்டான். எழுதுவாளா என்று தெரியாது. சித்திரை பிறந்ததும் நீர்மருது பூத்திருக்கிறதா என்று விசாரிக்கிற சாக்கில் போன் செய்து கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பேத்தி வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை எடுத்தாள். நான்கு கட்டத்துக்குக் கீழே பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். இலையில்லாத ஒரு மரம், மஞ்சள் பூ, பக்கத்தில் ஒரு பரிசல். பருவத்தின் பெயர் என்ன எழுதுவது என்று கேட்டாள். நீயே சொல்லு என்றேன். "காட்டுப்பருத்தி மாசம்" என்று எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தவில்லை. படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நிறைவாக, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் என்ன பூத்திருக்கிறது? சென்னையாக இருந்தாலும் சரி, சிங்கப்பூராக இருந்தாலும் சரி. ஒரே ஒரு பூவின் பெயரும் ஊரும் தேதியும் கருத்தில் எழுதுங்கள். இணையத்தில் தேடி எழுதக் கூடாது, வெளியே போய்ப் பார்த்து எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். இந்தமுறை யாருக்கும் முட்டை கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்